மடிப்புக்கு ஒரு ஸ்கிரீன்

லண்டனிலிருந்து மெயிலில் வந்தது
எழுபத்து மூணாம் வருசத்துப் பாட்டுப் பத்திரிகை,
அட்டை மட்டும்.
மூலையில் விலை: ஏழு பென்ஸ்.

வெள்ளி பூசிய இமை.
செப்புக் கம்பியாய் நட்டுக்கொண்ட முடி.
மாதுளைச் சிவப்பில் உதடு.
முட்டிவரை ஏறிய பூட்ஸின் அடியில்
ஒரு செங்கல் கனத்துக்குக் குதி.

'ஆம்பளைங்களா பொம்பளைங்களா?'
என்றான் டேபிள் பிடிக்கிற பொங்கியண்ணன்.
பாடகர் என்றேன்.
'அதக் கேக்கலீங்.'

கலர் பிரிப்பது என் வேலை.
வெள்ளியங்காட்டில், மாடி ரூமில், ஃபேன் சத்தத்துக்குக் கீழே
பன்னிரண்டு வருசமாக
பூனை, மண்டை ஓடு, ஃபுட்பால் கிளப் சின்னம்,
எது வந்தாலும் பிரித்துக் கொடுப்பேன்.
இவரை ஏழாகப் பிரித்தேன்.
கறுப்புத் துணியில்
எந்த முகமும் முதலில் வெள்ளையாக இறங்க வேண்டும்,
அப்புறம்தான் சதை, அப்புறம்தான் சாயம்,
மினுக்கு கடைசியில்.

அட்டை நாலாய் மடிந்து கிடந்திருக்கிறது.
கன்னத்தின் குறுக்கே வெள்ளைக் கோடு.
காலரில் டீ கிளாஸ் வைத்த வட்டம்.
ஓரத்தில் நீலப் பேனாவில் ஒரு பெயர்: மொரீன்.
ராத்திரி ரெண்டு மணிவரை உட்கார்ந்து
எல்லாவற்றையும் துடைத்தெடுத்தேன்.
அப்போதுதான் சவரம் பண்ணிக்கொண்டவர்போல ஆனார்.

காலையில் மெர்ச்சண்டைசர் சர்மிளாவின் போன்:
'மடிப்பு எங்கேன்னு கேக்கறாங்க சார்.
மடிப்புக்குத்தான் காசே.'

எட்டாவது ஸ்கிரீன் மடிப்புக்கு.
டீ வட்டத்தையும் அதிலேயே சேர்த்துவிட்டேன்.
ஒன்பதாவது மொரீனுக்கு.

பன்னிரண்டாயிரம் பீஸ்.
மூவாயிரம் ஓடுவதற்குள்
மினுக்கு எங்கே போகலாம் என்று யாரையும் கேட்கவில்லை.
ட்ரையர் வாயில் நிற்கும் ஒடிசாப் பையன் பிகாஷுக்கு
இரண்டு இமையும் வெள்ளி.
டீக்கடை மிச்சச் சில்லறையில் மினுக்கு.
என் ரசத்தில் மினுக்கு.
பொங்கியண்ணன் மீசையோடு
மங்கலம் ரோடு பஸ்ஸில் ஏறினான்,
கண்டக்டர் ஒரு ஸ்டாப் தூரம்
டிக்கெட் கிழிக்க மறந்து பார்த்தாராம்.
மறுநாள் அவன் முகம் கழுவாமல் போனான்
என்று நான் சொல்லவில்லை,
பிகாஷ் சொன்னான்.

பனியன் கம்பெனியில் வேறு சிக்கல்.
அயர்ன் மாஸ்டர் குப்பணன்
கன்னத்து மடிப்பின் மேல் மூணு தடவை ஆவி விட்டார்.
போகவில்லை.
தண்ணி தெளித்து, பல்லைக் கடித்து
நாலாவது தடவை அழுத்தியதில்
பாடகரின் மூக்கு பாக்ஸில் ஒட்டிக்கொண்டது.

செக்கிங்கில் தெய்வாத்தாள்
நானூறு பீஸை எடுத்து வைத்துவிட்டாள்.
'பேனாக் கறை.'
சிவப்பு அம்பு ஸ்டிக்கர் நானூறு,
ஒவ்வொன்றும் மொரீனைக் காட்டிக்கொண்டு.

நானே போய்ச் சொல்ல வேண்டியிருந்தது.
அது கறையில்லைக்கா, பேரு.
'ஆரு பேரு?'
தெரியாது.
வாரக் காசில் வாங்கியிருப்பாள்,
தம்பி தூக்கிக்கொண்டு போகாமலிருக்க எழுதியிருப்பாள்.
தெய்வாத்தாள் ஒரு பீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
'எம்பட டிபன் டப்பாலயும்தா எழுதியிருக்குது.
அத ஆரும் பனியன்ல அடிக்கல.'
அம்புகளை உரித்து உரித்து
மேசை விளிம்பில் ஒட்டினாள்.

பெட்டி தூத்துக்குடிக்குப் போனது.
மூக்கில்லாத பீஸ்கள் காதர்பேட்டைக்கு,
எடுத்தால் அறுபது ரூபாய்.

ஸ்கிரீன்களைக் கெமிக்கல் தடவிப்
பிரஷர் தண்ணியில் அடித்தோம்.
உதடு போனது, குதி போனது, விலை போனது.
ஒன்பதாவதில் பேனா எழுத்து மட்டும்
வலைக்குள் லேசாகத் தங்கிவிட்டது.
மை பிடிக்காது, பிரிண்டில் தெரியாது, ஓட்டலாம்.

இப்போது அதில் டைனோசர் ஓடுகிறது,
மூணு வயசுப் பிள்ளைகளுக்குப் பச்சை டைனோசர்.
ட்யூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தால்
வாலுக்குப் பின்னால்
திருப்பி எழுதிய மொரீன்.
பொங்கியண்ணன் சத்தம் போடுகிறான்,
'ஸ்கிரீனக் குடுங்க சார், ட்ரையர் சும்மா ஓடுது.'